சனீஸ்வரன் கோயிலுக்கு மிக அருகில்

துபாயிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தவனைக் காரைக்கால் முதல் மாதம் விருந்தாளியாக வைத்துக்கொள்ளும். அடுத்த மாதம், “எப்பப் பயணம்?” என்று கேட்கும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. கேட்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காஜா மைதீன் வந்து சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்பது பிறந்த கையோடு. கட்டிடக் கம்பெனிகள் பாதி எழும்பிய கோபுரங்களை அப்படியே போட்டுவிட்டு ஆட்களைக் கூட்டம் கூட்டமாக விமானம் ஏற்றிய நேரம் அது. வெயில் ஏறுவதற்குள் ஊர் அவரிடம் கேட்பதை நிறுத்தியிருந்தது.

வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. அதில் நல்ல பாதி அங்கேயே போய்விட்டது. ஆனால் அவர் அங்கே செங்கல் சுமக்கவில்லை. ஏசி போட்ட தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இங்கிலீஷில் கடிதம் அடித்தார். ‘தங்களுடைய இன்ன தேதியிட்ட கடிதத்தின் தொடர்ச்சியாக’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள். கான்டிராக்டர் கன்சல்டன்டுக்கு எழுதுவார், கன்சல்டன்ட் கான்டிராக்டருக்கு எழுதுவார், எழுதிவிட்டு இருவரும் ஒரே வாசலில் நின்று டீ குடிப்பார்கள். கடிதத்தை யாரும் படிப்பதில்லை. பின்னால் வழக்கு என்று வந்தால் ஃபைலில் இருக்க வேண்டும், அதற்காக எழுதுவது. படிக்க ஆளில்லாமல் எழுதியே ஒரு மனிதனுக்கு முடி நரைக்கும் என்றால் அவருக்கு அப்படித்தான் நரைத்தது.

இப்போது மனைவியின் தம்பி சேக் அலாவுதீன் ஷார்ஜாவில் ஒரு விசாவைப் பிடித்து வைத்திருந்தான். கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை. “பெருநாள் வரைக்கும் வச்சிருப்பேன் மச்சான். அதுக்கு மேல அரபி கேக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டான்.

“போங்கன்னும் சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள் கைருன்னிஸா. “ஆனா சும்மா உக்காந்திருக்கற ஆம்பளைய நடுவீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டிருக்க எனக்குத் தெம்பில்லை.”

தெம்பில்லாமல் போனது அவருக்கும்தான். இன்னொரு அறை, இன்னொரு மேல்கட்டில், முகம் தெரியாத இன்னும் ஏழெட்டுப் பேருடைய குறட்டை. ஏணியில் கால் வைத்து ஏறுவதை நினைத்தாலே முட்டி வலித்தது. ஊரில் ஏதாவது ஒரு வேலை நிலைத்தால் போதும், ஷார்ஜாவுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். அந்த ஏதாவது ஒரு வேலை உரக்கடை மாடியில் கிடைத்தது.

மாடியில் கலைவாணன் ‘வெப் டிசைன்’ நடத்திக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் படித்தவன், முப்பதைத் தொடாதவன். நகைக்கடை, கல்யாண மண்டபம், நர்சரி பள்ளி என்று எல்லாருக்கும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக் கொடுப்பான். படம் அவன் போடுவான், இங்கிலீஷ் எழுத ஆள் வேண்டும். காஜா மைதீன் முதலில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

“அண்ணே, நல்லா இருக்கு. ஆனா நீங்க படிக்கறதுக்கு எழுதறீங்க. தேடறதுக்கு எழுதணும்.”

“தேடறவன் படிக்க மாட்டானா தம்பி?”

“மொதல்ல கூகுள் படிக்கணும். அப்புறம்தான் மனுசன்.”

“கூகுளுக்குன்னு எழுதிட்டா, மனுசனுக்கு அதுல என்ன இருக்கும்?”

“ஃபோன் நம்பர் இருக்கும்ல” என்றான் கலைவாணன்.

வேலை சுலபம்தான். என்ன வார்த்தையைப் போட்டு உலகம் தேடுமோ, அந்த வார்த்தையை வரிக்கு வரி வைக்க வேண்டும். வாக்கியம் நொண்டினாலும் பரவாயில்லை, வார்த்தை விழ வேண்டும். துபாய்க் கடிதத்தைவிட இது ஒன்றும் கேவலமில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அங்கே ஃபைலுக்கு எழுதினோம், இங்கே மெஷினுக்கு.

அந்த வருஷம் செப்டம்பரில் சனிப்பெயர்ச்சி. திருநள்ளாற்றுக்கு லட்சம் லட்சமாக ஜனம் வரும். தருமபுரத்தில் மூன்று மாடி லாட்ஜ் வைத்திருந்த பஞ்சநாதன், கலைவாணனிடம் வந்தார். அவருக்கு ஒரே ஆசை: பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ஒருத்தன் ‘திருநள்ளாறு லாட்ஜ்’ என்று தட்டினால் முதலில் தன் பெயர் வர வேண்டும்.

காஜா மைதீன் எழுதிக் கொடுத்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘திருநள்ளாறு லாட்ஜ் தேடுகிறீர்களா? திருநள்ளாறு லாட்ஜ்களில் சிறந்த திருநள்ளாறு லாட்ஜ், திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மிக அருகில் உள்ள திருநள்ளாறு லாட்ஜ்...’ இப்படியே ஒரு பக்கம். அதற்குக் கீழே நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி என்று சுற்றுவட்டாரத்து ஊர்ப் பெயரையெல்லாம் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகக் கலைவாணன் கொட்டினான். கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும் என்றான்.

“ஜின்னுக்குச் சோறு வைக்கற மாதிரியில்ல இருக்கு” என்றார் காஜா மைதீன்.

“ஜின்னு சாப்பிட்டாத்தான் நம்ம வீட்டுல அடுப்பெரியும், அண்ணே.”

‘மிக அருகில்’ என்ற இடத்தில் மட்டும் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது. தருமபுரத்திலிருந்து கோயில் பஸ் ஏறிப் போகிற தூரம். “வானத்துலேருந்து பாத்தா அருகுதான்” என்றார் பஞ்சநாதன். பிறகு ஃபோன் நம்பர் பேச்சு வந்தது. “ரிசப்ஷன்ல பூங்கொடி இருக்கா. தமிழ்ல பேசினா பின்னிடுவா. இங்கிலீசு, இந்தின்னு வந்தா லைன் சரியில்லன்னு வச்சிடுவா. பாய் துபாய்ல இந்தி பேசிப் பொழைச்சவருதானே? உங்க நம்பரையே போட்டுடுங்க.” வேலை புதிது. மறுத்துப் பேசுகிற நிலைமையில் அவர் இல்லை. சரி என்றார். அதுதான் அவர் செய்த தப்பு. சனீஸ்வரனைப் பார்க்கப் புறப்படுகிற பாதி இந்தியாவுக்கும் பதில் சொல்கிறவர் அன்றிலிருந்து ஒரு காஜா மைதீன்.

பக்கம் ஏறியது. கலைவாணன் தட்டிக் காட்டினான், முதல் வரியில் பஞ்சநாதன் லாட்ஜ். பின்னாலேயே நோன்பு மாதமும் பிறந்தது, ஃபோனும் அடிக்க ஆரம்பித்தது. ஸஹருக்கு எழுந்து இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் புனேயிலிருந்து ஒருவர். அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தால் விஜயவாடா. பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் சட்டைப்பையில் மைசூர் நடுங்கும். எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான். நடந்து போகலாமா? குளத்தில் எந்நேரம் குளிப்பது? எண்ணெய் அங்கே கிடைக்குமா? பெண்கள் எங்கே உடை மாற்றுவது? பக்கம் பக்கமாக அவர் எழுதியிருந்ததில் இதற்கெல்லாம் ஒரு வரிகூட இல்லை.

அவருக்கும் தெரியாது. பூங்கொடியைத்தான் போய்க் கேட்பார். விழிதியூர்க்காரி, வாய் ஓயாதவள்.

“நோன்பாளிகிட்ட எண்ணெய் முழுக்கு விசாரிக்கறாங்களாண்ணே? சனி உங்களையும் விடல போல.”

“சொல்லு தாயி, நாக்கு வறளுது.”

“நல்லெண்ணெய் தேய்ச்சு முழுகணும். கட்டியிருக்கற துணிய அங்கயே விட்டுட்டு வேற உடுத்தணும். அப்புறம் சாமி. சாமி பாத்துட்டு நேரா வீடு. வழியில யார் வீட்டுலயும் படியேறக் கூடாதும்பாங்க. இங்க திரும்ப வந்து ரூம்ல படுக்கவே பயப்படறாங்க, விட்டுட்டு வந்தது பின்னாடியே வந்து கட்டில்ல உக்காந்துக்குமாம்.”

“அப்ப ரெண்டாம் நாளைக்கு எடுக்கற ரூம்பு?”

“விடிகாலைல குளிக்கப் போறவங்க பொட்டியோட போயிடறாங்க. ரூம்பு சும்மாத்தான் கெடக்கும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஓனருக்குத் தெரியும்ணே. நாம ஏன் அதைப் பேசிக்கிட்டு.”

அப்படிப் பூங்கொடியிடம் விசாரிக்கக் காஜா மைதீன் போயிருந்த ஒரு நாள் மத்தியானம் பெங்களூர்த் தமிழர் ஒருவர் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு லாட்ஜில் வந்து இறங்கினார். மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி டாக்ஸியில் வந்தவர்கள். கோயில்தான் பக்கத்திலேயே இருக்கிறதே என்று டாக்ஸியை அனுப்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி அதிக நாளாகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“கோபுரம் எங்கம்மா?”

பூங்கொடி மேற்கே கையைக் காட்டினாள். “பஸ்ஸுல போகணும்மா.”

மகன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். காஜா மைதீன் எழுதிய பக்கம், பிரின்ட் எடுத்து நான்காக மடித்திருந்தது. “மிக அருகில்னு போட்டிருக்கே. யார் எழுதினது இது?”

பூங்கொடி சாவி மாட்டியிருக்கும் பலகையைப் பார்த்தாள். தானும் பேசாமல் இருந்திருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும். “நான்தாங்க” என்றார் காஜா மைதீன்.

அந்த அம்மா சோபாவில் மெல்ல உட்கார்ந்து தாளை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். “ஏம்ப்பா, திருநள்ளாறு திருநள்ளாறுன்னு ஜபமில்ல பண்ணியிருக்கீங்க. இதைப் படிச்சே சனி போயிடும்னா நான் வீட்டுலயே இருந்திருப்பேனே.” கோபமில்லை. களைப்பு. அந்தக் களைப்பு காஜா மைதீனுக்குப் பழக்கமானது. விமானம் ஏறும்போதெல்லாம் அவர் உடம்பில் இருந்ததுதான்.

தெரிந்த ஆட்டோக்காரரை விடியற்காலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். வழியெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.

கலைவாணன் அந்த வாரம் சென்னைக்குப் போயிருந்தான். பாஸ்வேர்டு காஜா மைதீனிடம் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. மாடியில் தனியாக உட்கார்ந்து பழைய பக்கத்தை முழுக்க அழித்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ‘தங்களுடைய இன்ன தேதியிட்ட’ என்றுதான் கை போனது. பிறகு அந்த அம்மா இன்னும் பெங்களூரிலேயே இருக்கிறார், கிளம்பலாமா என்று ஃபோனில் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்துவிட்டது.

‘எங்கள் லாட்ஜ் தருமபுரத்தில் இருக்கிறது. கோயில் இங்கிருந்து நடக்கிற தூரமில்லை. அம்பகரத்தூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். கூட்ட நாளில் முட்டி வலிக்காரர்கள் பஸ்ஸை நம்ப வேண்டாம், முதல் நாளே சொன்னால் ஆட்டோ ஏற்பாடு செய்கிறோம். நல்லெண்ணெய் இங்கேயே வாங்கலாம், சுமந்து வராதீர்கள். குளத்தில் விடுவதற்கு ஒரு பழைய துணி எடுத்து வாருங்கள். நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டு, விடவும் மனசு வராமல், திரும்ப எடுக்கவும் பயந்து, ஈரத்தோடு நிற்பவர்கள் உண்டு. உடை மாற்றும் இடத்தில் நெரிசல் இருக்கும், வயதானவர்களோடு துணைக்கு ஒரு பெண் நிற்கட்டும். தரிசனம் முடிந்து நேராக வீடு திரும்புவது உங்கள் வழக்கமானால், விடியற்காலையிலேயே பெட்டியோடு அறையைக் காலி செய்துவிடுங்கள். இரண்டாம் நாளுக்கு அறை எடுக்க வேண்டியதில்லை.’

அந்தச் சேலை விஷயம் பூங்கொடி சிரித்துக்கொண்டே சொன்னது. அப்படியே வைத்துவிட்டார்.

ஒரு வாரத்தில் ஃபோன் அடங்கியது. ‘திருநள்ளாறு லாட்ஜ்’ என்று தட்டினால் பஞ்சநாதனைக் கூகுளின் மூன்றாம் பக்கத்தில் தேட வேண்டியிருந்தது, மூன்றாம் பக்கத்துக்கு யார் போகிறார்கள்? ஆனால் வந்த ஃபோன்கள் வேறு மாதிரி இருந்தன. “நாலு பேர், அம்மாவுக்கு நடக்க முடியாது, ஆட்டோ சொல்லிடுங்க.” அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். புனேக்காரர் ஒருவர் அறையைப் பேசி முடித்துவிட்டு, “அந்தச் சேலை சங்கதியைப் படிச்சு என் சம்சாரம் சிரிச்சா. போன தடவை அவதான் அப்படி நின்னா” என்று இந்தியில் சொன்னார். தன் எழுத்தை ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார் என்பது அவர் வாழ்க்கையில் முதல் தடவை.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் பஞ்சநாதன் உரக்கடை மாடிப்படி ஏறி வந்தார். கலைவாணனும் திரும்பியிருந்தான். இரண்டாம் நாளுக்குச் சேர்த்துப் பதிவு செய்கிறவர்கள் திடீரென்று நின்றுபோனதும், விடியற்காலையில் பெட்டியோடு இறங்கிய ஒருவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். உங்கள் வெப்சைட்டில்தானே போட்டிருக்கிறது என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஞ்சநாதன் கத்துகிற மனிதரில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “பாய், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலீங்க.”

“அப்புறம் ஏன் என் வாசல்லயே நின்னுக்கிட்டு வர்றவனை வேற வழி பாருங்கறீங்க? தொழில் பண்றவன் எவனாவது ரூம்பு எடுக்காதேன்னு எழுதுவானா?”

“காலியாக் கெடக்கற ரூம்பைத்தாங்க எடுக்க வேணாம்னேன்.”

“அது அவன் கவலை. உங்களுக்கும் எனக்கும் இல்ல.”

கலைவாணன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். “அண்ணே, மூணாம் பக்கத்துக்குப் போயிட்டோம். பழைய பக்கம் என்கிட்ட இருக்கு. இப்பவே ஏத்திடறேன் சார்.”

கடைப்பையன் கொண்டுவந்து வைத்த டீயைப் பஞ்சநாதன் கையில் எடுத்தார், எதிரில் நோன்பாளி இருப்பது நினைவு வந்து குடிக்காமல் கீழே வைத்தார். அந்த மரியாதை காஜா மைதீனை இன்னும் கஷ்டப்படுத்தியது. கெட்டவரென்றால் பேசுவது சுலபம்.

இந்த வேலை போனால் ஷார்ஜாதான். அந்த மேல்கட்டிலின் இரும்பு ஏணி அவர் கண் முன்னால் நின்றது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

“பழையதையே போடு தம்பி. என் நம்பரை மட்டும் எடுத்துடு.”

“நம்பரை எடுத்தா யாரு பேசறது?” என்றார் பஞ்சநாதன்.

“அது எனக்குத் தெரியலீங்க. எழுத்துல என் பேர் இல்ல, என்ன வேணா எழுதிடலாம். ஆனா ஃபோனை எடுத்தா அது என் குரலு. முட்டி முடியாத ஒரு கிழவிகிட்ட மிக அருகில்னு என்னால சொல்ல முடியாது. நோன்பு வச்சுக்கிட்டு சொல்ல முடியாது, நோன்பு முடிஞ்சும் சொல்ல முடியாது.”

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னது. ஆனால் பஞ்சநாதன் வியாபாரி, அதிலுள்ள கணக்கு அவருக்குத்தான் முதலில் புரிந்தது. பெயர்ச்சி தலைக்கு மேல் வந்துவிட்டது. பூங்கொடி லைன் சரியில்லை என்று வைப்பாள். இனிமேல் இந்தி பேசுகிற ஆளை எங்கே போய்ப் பிடிப்பது? ஆடை கட்டிய டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“‘மிக அருகில்’ங்கறத எடுத்துட்டு, நடக்கற தூரமில்ல, ஆட்டோ உண்டுன்னு போட்டுக்குங்க. துணி, எண்ணெய், அதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். மேல தம்பி சொல்ற வார்த்தையெல்லாம் பழையபடி வரணும். காலி பண்ற சமாச்சாரம் வேணாம்.”

“யாராவது கேட்டா?”

“கேக்கறவனுக்கு வாயால சொல்லிக்குங்க. கேக்காதவனைக் கூப்பிட்டுச் சொல்லாதீங்க.”

பாதிதான். பாதிக்குத் தலையாட்டுவதா என்று யோசித்தார். மீதிப் பாதிக்காக நிற்க உடம்பில் தெம்பு மிச்சமில்லை. “சரிங்க” என்றார்.

அன்றைக்கே உட்கார்ந்து இரண்டையும் ஒட்டினார்கள். மேலே ஜபம், கீழே வழி. வெள்ளை எழுத்தைக் கலைவாணன் எடுக்கவேயில்லை. கூகுளில் அது இரண்டாம் பக்கம்வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை, சனிப்பெயர்ச்சி வாரத்தில் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டு வாடகைக்கு விட்டாலும் ஆள் வரும். முன்பதிவிலேயே லாட்ஜ் நிரம்பியதற்குக் காரணம் தன் வெப்சைட்தான் என்று பஞ்சநாதன் நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார். கலைவாணனுக்கு அதில் இன்னும் இரண்டு லாட்ஜ்காரர்கள் கிடைத்தார்கள். “அண்ணே, அவங்களுக்கும் உங்க நம்பர்தான்” என்றான்.

பெருநாள் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்ததும் ஷார்ஜாவிலிருந்து சேக் அலாவுதீன் பேசினான். ஸலாம், வாழ்த்து எல்லாம் முடிந்தது.

“என்ன மச்சான் முடிவு?”

“வேற ஆளுக்குக் குடுத்துடுப்பா. முகைதீன் பிச்சை மகன் கேட்டுக்கிட்டிருக்கான்.”

“அங்க நெலையா ஒரு வேலை ஆயிடுச்சா? என்ன வேலைன்னு கேட்டா அக்காவுக்கே சொல்லத் தெரியல.”

“வர்றவங்களுக்கு வழி சொல்ற வேலை” என்றார்.

“அதுக்கு யாரு மச்சான் சம்பளம் குடுக்கறா?”

“கூகுளுக்குப் பயந்தவங்க.”

அவன் சிரித்தானா, பெருமூச்சு விட்டானா என்று தெரியவில்லை. துவாச் செய்யுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். வைத்த கையோடு மறுபடி அடித்தது, இந்தத் தடவை ஹைதராபாத். “ஹாஞ்சி, சனீஸ்வரன் டெம்பிள்...” என்று அவர் ஆரம்பித்ததும் சமையலறையிலிருந்து கைருன்னிஸா எட்டிப் பார்த்தாள். பிரியாணிக் கரண்டி கையில் இருந்தது.

“ஏங்க, இதுதான் வேலைன்னு ஆயிடுச்சுல்ல. இனிமேலாவது வாசப்பக்கம் போய்ப் பேசுங்க. பெருநாளும் அதுவுமா நடுவீட்டுல நின்னுக்கிட்டு சனி சனின்னு.”

காஜா மைதீன் ஃபோனைக் காதில் வைத்தபடியே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.